மொட்டை மாடியில் நான் வரைந்த எட்டு

என் அம்மாவைக் கீழே தள்ளியது நீங்கள்தான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை, பின்னால் துளசிச் செடி, முன்னால் மைக் வைத்துக்கொண்டு தினமும் செல்போனில் பேசுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் நாலு பேர் தேடிப்போய்ப் பார்ப்பார்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. தாம்பரம், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கம் இருக்கிற அடுக்குமாடிகளில் மாதாந்திர சர்வீஸ். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மெஷின் ரூமில் தொங்குகிற அட்டையில் எழுதுவதோடு சரி. பிரேக் பார்த்தேன், கதவு பார்த்தேன், கயிறு பார்த்தேன், கீழே கையெழுத்து. அந்த லிஃப்ட் நாளைக்கு யாரையாவது கீழே போட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நீ பார்த்தாயா, நீதானே கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். நான் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் புரியும்.

எங்கள் வீடு சிட்லபாக்கத்தில். நான், மனைவி, அம்மா. அம்மாவுக்கு எழுபத்திரண்டு. சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்தவரை அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் எழுந்ததும் ஏரிக்கரை நடைபாதைக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்கு மூன்று சிநேகிதிகள். நடப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்பது வரை எல்லாம் அங்கே பேசி முடிந்துவிடும். மழை வருகிற மாதிரி இருக்கிறதே, வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

"எனக்கின்னா காலா இல்ல? நானே போவேன், நானே வருவேன்."

இந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இப்போது அதைக் கேட்க ஏங்குகிறேன்.

இந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோதுதான் அதைப் பார்த்தேன். அம்மா படுக்கிற அறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் சுவரில் ஒரே உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. எண்ணெய்க் கையை வைத்து வைத்து வந்த கறை. எத்தனை மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "முட்டி வலிக்குதுடா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். ஏரிக்கரைக்குப் போவது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. சிநேகிதிகள் கேட்டால், ஊரிலிருந்து உறவுப் பேத்தி வந்திருக்கிறாள், பரீட்சை, வீட்டில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்படி ஒரு பேத்தியே கிடையாது. எனக்கும் பிள்ளை இல்லை. அவ்வளவு தூரம் பொய் சொல்லி மறைத்திருக்கிறாள்.

டாக்டரிடம் அழைத்துப்போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், உள்ளே மூன்று நிமிஷம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தேய்மானம் என்றார். பிரஷர் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது என்று மாத்திரையை மாற்றினார். "வயசாயிடுச்சு இல்லம்மா? நல்லா நடங்க" என்றார். எப்படி நடப்பது, எவ்வளவு நடப்பது, வலித்தால் நிறுத்துவதா வேண்டாமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த இடத்தில்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

லிஃப்ட் வேலையில் காத்திருப்பது நிறைய. ஸ்பேர் வருகிறவரை மெஷின் ரூமில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது செல்போனில் தேடினேன். வயதானவர்கள் நடக்க என்ன செய்ய வேண்டும் என்று. முதலில் வந்தது ஒரு இங்கிலீஷ் பக்கம். ஏதோ ஒரு நாட்டு அரசாங்கத்தினுடையது. படம் இருந்தது. ஒரு கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். ஒரு அம்மா சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குகிறாள். மேலே நீளமாக எச்சரிக்கை எழுதியிருந்தது. தொடங்குமுன் என்று ஆரம்பித்துப் பத்து வரி. எனக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அதைவிட, அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. நாற்காலியில் எழுந்து உட்காருவதெல்லாம் ஒரு வைத்தியமா என்று தோன்றியது. மேலே தள்ளிவிட்டேன்.

அதற்குக் கீழே நீங்கள் இருந்தீர்கள். தமிழில். "உங்க அம்மா மறுபடியும் நடக்கணுமா? மருந்து வேணாம், மாத்திரை வேணாம், ஒரு எட்டு போதும்" என்றீர்கள். அந்தக் குரலில் ஒரு அன்பு இருந்தது. மூன்று நிமிஷம் பார்த்த டாக்டரிடம் அது இல்லை. தரையில் எட்டு வரைந்து, வடக்கு தெற்காக, செருப்பில்லாமல், ஒரு பக்கம் கொஞ்ச நேரம், மறுபக்கம் கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னீர்கள். முட்டி வலி போகும், சர்க்கரை போகும், பிரஷர் போகும், தூக்கம் வரும். போகாதது எதையும் நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒரே ஸ்பானர் எல்லா நட்டுக்கும் சேரும் என்று ஒருத்தன் சொன்னால் அவனை நான் வேலைக்கே சேர்க்க மாட்டேன். ஆனால் நம்பினேன். எனக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைக் கழுவி, காயவைத்து, சாக்பீஸில் அளவு போட்டு, எட்டு வரைந்தேன். வடக்கு தெற்கு பார்க்கச் செல்போனில் திசைகாட்டி வைத்தேன். லிஃப்ட் குழிக்கு அடிக்கிற மஞ்சள் பெயின்ட் மிச்சம் இருந்தது. பெயின்ட் வழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நைஸ் மணல் சலித்துக் கலந்து அடித்தேன். தண்ணீர் ஊற்றி நானே வெறுங்காலில் நடந்து பார்த்தேன். வழுக்கவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை. வழுக்கலை யோசித்தவன், பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பதை யோசிக்கவில்லை. கைப்பிடி இல்லாத ஒரு லிஃப்டையும் நான் இதுவரை பாஸ் பண்ணியதில்லை. என் அம்மாவை நடுமாடியில் வெறும் காற்றில் நடக்கவிட்டேன்.

அம்மா மேலே வந்து பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா இது? எட்டா? இந்த வயசுல எனக்கு லைசென்ஸ் எடுத்துத் தரப் போறியா?"

"நடம்மா. முட்டி வலி போயிடும்."

"ஆர்டிஓ எங்க? அவுரு வந்தாதான் போடுவேன்."

மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "மாடிப்படி ஏத்தி இங்க கூட்டியாறதுக்குப் பதிலா, காலைல அரை மணி முன்னாடி எழுந்து ஏரிக்கே கூட்டிட்டுப் போலாமில்ல? உங்க கையப் புடிச்சினு நடப்பாங்க. அங்க அவங்க செட்டு இருக்கு" என்றாள்.

"வேலைக்குப் போறவன், எனக்கு ஏது நேரம்?" என்றேன்.

செல்போன் பார்க்க நேரம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நானே சொல்லிக்கொள்கிறேன்.

உண்மையையும் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதமாக உட்கார்ந்தே இருந்தவள் தினமும் நடந்தால் யாருக்குத்தான் நன்றாக இருக்காது? சுவரைப் பிடிப்பது குறைந்தது. ஒருநாள் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தாள். வந்து அதை என் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். "நானே போனேன், நானே வந்தேன்."

நான் தலைகால் புரியாமல் ஆடினேன். உங்கள் வீடியோவை எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அம்மா கதையையும் எழுதினேன். கைதட்டல் கைதட்டலாக வந்தது. நலச்சங்கச் செயலாளர் எனக்கே போன் பண்ணினார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். "சார், நம்ம பார்க்குலயும் ஒண்ணு போட்டுடலாமா? உங்ககிட்ட பெயின்ட் இருக்கா?" என்றார். இருந்தது. இன்னொரு ஞாயிறு போய்ப் பார்க்கில் எட்டு போட்டுக் கொடுத்தேன். அதற்கும் மணல் கலந்தேன். பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்தார்கள்.

நாலாவது வாரம் அம்மா சொன்னாள்.

"திரும்பற எடத்துல தலைய சுத்துதுடா. கண்ணு இருட்டிக்கினு வருது. கொஞ்சம் நிக்கறேன், சரியாப் போயிடுது."

"எப்பலேர்ந்து?"

"நாலஞ்சு நாளா. விடு, வெயிலா இருக்கும்."

காலை ஆறரை மணிக்கு என்ன வெயில்? நடக்க வேண்டாம் என்று இரண்டு நாள் நிறுத்தி வைத்தேன். டாக்டரிடம் போயிருக்க வேண்டும். மறுபடியும் அந்த இரண்டு மணி நேரம், அந்த மூன்று நிமிஷம். அதற்குப் பதிலாக உங்களைக் கேட்டேன். உங்கள் வீடியோவுக்குக் கீழே கமெண்டில், தப்பில்லாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு தடவை படித்துப் பார்த்துப் போட்டேன். "ஐயா, என் அம்மாவுக்கு 72 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு நடக்கும்போது திரும்புகிற இடத்தில் தலை சுற்றுகிறது. கண் இருட்டுகிறது. தொடரலாமா?"

அரை நாளில் பதில் வந்தது. உங்கள் படம் போட்ட அதே பக்கத்திலிருந்து. "அது உடம்பில் சேர்ந்த கழிவு வெளியேறுவதன் அறிகுறி. பயம் வேண்டாம். நிறுத்தாமல் தொடரவும். அம்மாவுக்கு என் வணக்கம்." பின்னால் இரண்டு கும்பிடும் கைகள்.

அதை நகர்க் குழுவில் என் வார்த்தையில் எழுதிப் போட்டேன். அம்மாவுக்குப் பதிலையே படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செல்போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள்.

"அவுரே சொல்லிட்டாரா?"

"அவரே."

"எனக்கு வணக்கம் வேற சொல்லியிருக்காரே! அவ்ளோ பெரிய மனுஷன்." அவளுக்கு வெட்கமும் சந்தோஷமும். "அப்ப நடக்கறேன். நாளைக்கே நடக்கறேன்."

உங்கள் வீடியோ ஒன்றில், பெற்றோர் எட்டு நடப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள், போடுகிறோம் என்று சொல்லியிருந்தீர்கள். அம்மாவுக்கு அது ஆசை. வணக்கம் சொன்னவருக்குத் தன்னைக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நூல்புடவை கட்டிக்கொண்டு மேலே வந்தாள். தலைக்குப் பூ கூட வைத்திருந்தாள். நான் நாலடி தள்ளி நின்று, இரண்டு கையாலும் செல்போனைப் பிடித்து எடுத்தேன். ஒரு சுற்று முடித்து, இரண்டாவது சுற்றில் கீழ் வளைவில் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் எங்கேயோ போனது. கை காற்றில் எதையோ தேடியது. வலது பக்கமாக விழுந்தாள்.

என் இரண்டு கையும் செல்போனில் இருந்தது.

அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. ஒரு நிமிஷம் பதினோரு விநாடி. கடைசியில் வானம் தெரிகிறது, அப்புறம் என் கத்தல். அழிக்கவும் முடியவில்லை, இரண்டாம் முறை பார்க்கவும் முடியவில்லை.

இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். சில நாள் கழித்து, முதல்முறை நிற்க வைத்த அன்றைக்கு, வார்டில் இருந்த டாக்டரம்மா பிரஷரைப் படுக்க வைத்து ஒருமுறை பார்த்தார். உடனே நிற்க வைத்து மறுபடியும் பார்த்தார். நின்றதும் சட்டென்று இறங்கியது. புது மாத்திரை கொஞ்சம் அதிகம், தலைச்சுற்றலுக்கு அதுவாகத்தான் இருக்கும் என்றார். மாத்திரையைக் குறைத்தார். தலைச்சுற்றல் நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை. நாலு நிமிஷம் வேலை. கழிவும் இல்லை, ஒன்றும் இல்லை.

நடக்கப் பழக்க வந்த பிஸியோ ஒரு சின்னப் பெண். எப்படி விழுந்தார்கள் என்று கேட்டது. சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டது.

"சார், தலை சுத்துதுன்னா நிறுத்தணும் சார். அத சரி பண்ணிட்டுதான் மத்தது. யார் சார் தொடரச் சொன்னது?"

"செல்போன்ல."

"செல்போன்ல நல்லதும் இருக்கு சார். இங்க பாருங்க." அது தன் செல்போனை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டியது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிற கிழவர். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குகிற அம்மா. நான் மேலே தள்ளிவிட்ட அதே பக்கம். தொடங்குமுன் என்ற அந்தப் பத்து வரியை அது எனக்குத் தமிழில் சொன்னது. இரண்டாவது வரியே தலைச்சுற்றலைப் பற்றித்தான். தலை சுற்றினால் செய்யாதீர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இருக்கிற கோபத்தையெல்லாம் உங்கள் மேல் போட நினைத்தேன், அதில் ஒரு பங்கு அன்றைக்கு என் மேலேயே வந்து விழுந்தது.

இப்போது வீட்டில் இருக்கிறோம். வாக்கர் வாங்கியாயிற்று. பாத்ரூமில் இரண்டு கைப்பிடி நானே போட்டேன், நூறு கிலோ தாங்கும். சமையல் மேடை பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று போட்டிருக்கிறேன். பிஸியோ தெளிவாகச் சொல்லிவிட்டது. எலும்பு சேர்ந்தாயிற்று, இனிமேல் எழுந்து நடந்தால்தான் உண்டு, இந்தச் சில வாரத்தை விட்டால் கால் சதை கரைந்துவிடும், அப்புறம் கட்டில்தான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் போதும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றது.

அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

வலியால் இல்லை. பயம். வாக்கரைக் கையில் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூக்கி நிறுத்தினால் உடம்பெல்லாம் நடுங்குகிறது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் என் மனைவியைக் கூப்பிட்டு ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிறாள். "உனக்குத் தொந்தரவும்மா, ஒரே ஒரு தபா." ஒரு மையம் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்து அதட்டியவள். ஒரு பிள்ளை சாதத்தைச் சிந்தினால் அவள் பார்க்கிற பார்வையே போதும். அவள் இப்போது தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள், பாத்ரூம் போக வேண்டாம் என்பதற்காக.

பிஸியோ அனுப்பிய பக்கத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

"பாரும்மா, இது சரியானது. உன் வயசுக்காரங்கதான் செய்றாங்க. மேடையப் புடிச்சிக்கலாம். நான் பக்கத்துலயே நிக்கறேன்."

அவள் செல்போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அந்த போன்லயாடா?"

அதே செல்போன். அதே நான். அன்றைக்கும் இதே மாதிரி பக்கத்தில் நின்றுதான் படித்துக் காட்டினேன்.

"அன்னிக்கு அது தப்பும்மா. அந்த ஆளு தப்பா சொன்னான்."

"அப்டி சொல்லாத. அவுரு பெரிய மனுஷன். நாந்தான் சரியாத் திரும்பல. பூவும் புடவையுமா போட்டாவுக்கு நின்னேன் பாரு, அந்தத் திமிருக்குதான் விழுந்தேன்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள். "அவுருகிட்ட சொன்னியா, நான் விழுந்தத? இன்னா சொன்னாரு?"

இதுதான் என்னைக் கொல்கிறது. அவள் உங்களை நம்புகிறாள். என்னையும் நம்புவதில்லை, டாக்டரையும் நம்புவதில்லை, அந்தப் பிஸியோ பெண்ணை, "சின்னப் பொண்ணு, அதுக்கின்னா தெரியும்" என்கிறாள். உங்கள் பதில் சரி, தன் கால்தான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். அவ்வளவு சுலபமான எட்டையே தன்னால் நடக்க முடியவில்லை என்றால், இனி எதையும் நடக்க முடியாது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கோடு கட்டிலில் இருக்கிறாள். வாரம் போய்க்கொண்டிருக்கிறது.

உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். உங்கள் வீடியோவைத் திறந்து என் கமெண்டைத் தேடினேன். இல்லை. உங்கள் பதிலும் இல்லை. மேலே கீழே எல்லாம் தேடிவிட்டேன். "அருமை ஐயா", "நன்றி ஐயா", "என் அம்மாவும் நடக்கிறார் ஐயா", எல்லாம் இருக்கிறது. தலை சுற்றுகிறது என்று கேட்டது மட்டும் இல்லை. நான் படம் பிடித்து வைக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தி இல்லை. மறுபடியும் எழுதினேன்: ஐயா, நீங்கள் தொடரச் சொன்னீர்கள், அம்மா விழுந்துவிட்டார். பத்து நிமிஷத்தில் காணோம். மறுநாள் எழுதினேன். காணோம். அப்புறம் என்னால் அங்கே எழுதவே முடியவில்லை, பிளாக் பண்ணிவிட்டீர்கள். மனைவி செல்போனிலிருந்து எழுதினேன். அதுவும் போனது. திட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை எழுதவில்லை. எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தையா? ஆனாலும் ஐயா ஐயா என்றுதான் எழுதினேன். அங்கே வழியில்லாததால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நலச்சங்கத்துக்கும் போனேன். பார்க்கில் இருக்கிற எட்டை எடுத்துவிடலாம், இல்லையென்றால் வளைவு இரண்டிலும் பிடித்துக்கொள்ளக் கம்பியாவது போடலாம், நானே வந்து வெல்டு வைத்துத் தருகிறேன் என்றேன்.

செயலாளர் சிரித்தார். "சார், நீங்கதானே சார் கொண்டாந்தீங்க? பொன்னாடை போட்ட போட்டோ இன்னும் குரூப்ல இருக்கு. உங்க அம்மா விழுந்தது வருத்தம்தான். அதுக்காக எல்லாரும் விழுவாங்களா?"

"தலைச்சுத்தல் இருந்தா நடக்காதீங்கன்னு ஒரு போர்டாவது வைக்கலாம் சார்."

"போர்டு வச்சா ஜனங்க பயந்துடுவாங்க சார்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நான் போட்ட மஞ்சள் கோட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். வளைவில் திரும்பும்போது ஒரு நொடி நின்றார். கண்ணை மூடித் திறந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"தலை சுத்துதா சார்?"

கையை உதறினார். "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. கழிவு வெளியேறுது."

இதே வார்த்தை. உங்கள் வாயிலிருந்து வந்து, என் வழியாக அந்தக் குழுவுக்குப் போய், அவர் வாயில் நிற்கிறது. அவரைச் சுற்றவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். வேறு என்ன செய்வது? கட்டிப் பிடித்து உட்கார வைக்கவா முடியும்?

வந்ததும் மாடிக்குப் போனேன். தின்னர் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டு, எங்கள் மாடி எட்டைத் தேய்த்தேன். மணல் கலந்த பெயின்ட். லேசில் வராது. வராமல் இருக்க வேண்டுமென்றுதானே அடித்தேன்? ஒரு வளைவில் பாதி போயிருக்கிறது. மீதி அப்படியே இருக்கிறது. கீழேயிருந்து அம்மா கேட்டாள், "மேல இன்னாடா சத்தம்?" ஒன்றுமில்லை என்றேன்.

நேற்றும் கேட்டாள். "அவுரு பதில் போட்டாரா?"

இல்லை என்றேன். "வேலையா இருப்பாரு. போடுவாரு" என்றாள். நாற்காலி அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுந்து உட்காரம்மா, ஒரே ஒரு தடவை என்றேன். "அவுரு இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு செய்யலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

உங்கள் பணம் வேண்டாம். போலீசுக்கும் போகவில்லை, போனாலும் என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. என் கையெழுத்து இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மெஷின் ரூமிலும் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் வந்து என்னைக் கேட்கலாம். நான் வரைந்தேன், நான் படித்துக் காட்டினேன், நான் நாலடி தள்ளி நின்றேன். என் பங்கைச் சொல்லிவிட்டேன். உங்கள் பங்கை நீங்கள் சொல்லுங்கள்.

தனியாகப் போன் பண்ணாதீர்கள். தனிச் செய்தி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கத்தில் தொடரச் சொன்னீர்களோ அதே பக்கத்தில், துளசிச் செடிக்கு முன்னால் உட்கார்ந்து, லட்சம் பேர் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற எழுபத்திரண்டு வயது அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது, தொடரலாமா என்று மகன் கேட்டபோது, யாரையும் பார்க்காமல், எதையும் விசாரிக்காமல், நிறுத்தாதே என்று சொன்னது யார்? அது தப்பா இல்லையா? அவள் சரியாகத் திரும்பாததால்தான் விழுந்தாளா? அந்தக் கேள்வியையும் பதிலையும் அழித்தது யார்?

செல்போனை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லுங்கள்.